இலையைப் பார்த்த கண்கள்

ஒரு படத்தை அழிப்பதற்கு முன் அவர் எழுந்து நிற்பார். உட்கார்ந்தபடி அவர் எதையும் அழித்து நான் பார்த்ததில்லை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, திரையிலிருந்து இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார். பிறகு ஜன்னல்வரை போய்த் திரும்புவார். "பொறுங்க தம்பி, இன்னொரு வாட்டி பாத்துருவோம்" என்பார். பெரும்பாலும் அந்தப் படம் பிழைத்துக்கொள்ளும்.

அருப்புக்கோட்டையில், மெயின் ரோட்டைப் பார்த்த ஒரு மாடி ஸ்டூடியோவில், நானும் அவரும் நான்கு வருடம் ஏழு மாதம் பக்கத்துப் பக்கத்து கம்ப்யூட்டரில் வேலை பார்த்தோம். நான் அழைப்பிதழும் ஃப்ளெக்ஸ் வாசகமும் டைப் செய்கிறவன். அவர் படங்களைத் திருத்தி ஆல்பம் வடிவமைக்கிறவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார். கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவர் அக்கா. இப்போது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். பெயரை எழுதவில்லை. இதை அவர் வாசிக்க நேர்ந்தால் இரண்டு வரியை அடிக்கச் சொல்வார், நான்கு வரியைச் சேர்க்கச் சொல்வார், அதன் பிறகும் திருப்தி வராது.

முகூர்த்த நாள் முடிந்தால் இரண்டு கேமராவிலுமாகச் சேர்ந்து மூவாயிரம் படம் வந்து விழும். அதில் முந்நூறோ நானூறோ தேர்ந்து வீட்டாருக்கு அனுப்ப வேண்டும். அதிலிருந்து அவர்கள் ஆல்பத்துக்கானதைச் சொல்வார்கள். முதல் சுற்றில் கழிக்கிற வேலையை முதலாளி என்னிடம் கொடுத்திருந்தார். அவர்தான் கேமராமேனும். "நீ வரிசையா இருக்குற ஆளு, உனக்குத்தான் இது சரிப்படும்" என்றார். எனக்கும் பிடித்திருந்தது. ஆடிப்போன படம் வேண்டாம், குறுக்கே யாராவது கை வந்தால் வேண்டாம், ஒரே மாதிரி இரண்டு இருந்தால் இரண்டாவது வேண்டாம். கண் மூடிய படம் கட்டாயம் வேண்டாம். நல்ல காரியத்து ஆல்பத்தில் கண் மூடிய முகம் இருந்தால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். பாடையில் கிடக்கிற முகம் மாதிரி இருக்கிறது என்று ஒருவர் என் மேஜையில் ஆல்பத்தை வைத்துவிட்டுப் போனதே உண்டு. அதனால் அந்த ஒரு விஷயத்தில் நான் யோசித்ததே இல்லை. மணிக்கு அறுநூறு படம் பார்ப்பேன்.

"தம்பி கழிக்கிறது அரிசியில கல்லு பொறுக்குற மாதிரி இருக்கு" என்று ஒருநாள் சொன்னார். "கல்லு எங்கன்னே பாக்குறீங்க. அரிசியப் பாக்க மாட்டேங்கிறீங்க."

அவர் பார்க்கிற விதம் வேறு. படத்தின் நடுவில் ஆரம்பிக்க மாட்டார். மூலையில் சுட்டியை வைத்து, பெரிதாக்கி, ஓரத்தைச் சுற்றிக்கொண்டு உள்ளே வருவார். "நடுவுல நிக்கிறவுக போட்டோவுக்கு நிக்கிறவுக. ஓரத்துல நிக்கிறவுகதான் கல்யாணத்துக்கு வந்தவுக" என்பது அவருடைய கட்சி.

காரியாபட்டி பக்கம் ஒரு சர்ச் கல்யாணம். நான் கழித்ததில் ஒரு படம், கோணலாக, பாதி வெளிச்சத்தில் வெளுத்து, எதை எடுத்தது என்றே தெரியாமல் இருந்தது. அவர் அதைத் திரும்ப எடுத்தார். நிமிர்த்தினார், வெளுப்பைக் குறைத்தார், இடது பக்கம் ஒரு கை அகலத்தை வெட்டினார். மோதிரம் கீழே விழுந்திருந்த நேரம் அது. போதகர் அங்கியோடு முட்டி போட்டு பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டிருக்கிறார். பெண் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தரையைப் பார்க்கிறாள். மாப்பிள்ளை தன் ஷூவுக்குள் எட்டிப் பார்க்கிறார். அந்த வீட்டார் அதை ஆல்பத்தின் நடுவில் இரண்டு பக்கம் முழுக்கப் போடச் சொன்னார்கள். போதகரின் மனைவி தனக்கும் ஒரு பிரதி வேண்டும் என்று போன் செய்தார். "முப்பது வருசமா எங்க வீட்டுல அவுக குனிஞ்சு ஒரு பொருளத் தேடிப் பாத்ததில்ல" என்றாராம்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடியவில்லை. ஒரு விசேஷ வீட்டுப் படத்தில் பந்தி ஓரத்தில் ஒருவர் இலையை வழித்துக்கொண்டிருந்தார். அக்கா வெளிச்சம் ஏற்றி அந்த முகத்தைத் துலக்கிவிட்டார். அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லி, சொந்தச் சித்தப்பா கருமாதிக்குப் போகாமல் இருந்தவர் அவர். ஆல்பம் போன மூன்றாம் நாள் கடைக்கு அவருடைய ஆட்கள் எட்டுப் பேர் சண்டைக்கு வந்தார்கள். முதலாளி அவர்களைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு மேலே வந்து, "அக்கா, நமக்கு எதுக்கு அந்த ஓரம்? வெட்டித் தள்ள வேண்டியதுதான" என்றார்.

"வெட்டுனா பின்னாடி குடம் தூக்கிட்டு வர்ற பிள்ள முகமும் போயிரும்."

"போகட்டுமே."

"எப்படிப் போக விடுறது" என்றார் அக்கா. எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

அவருக்கும் எனக்கும் நிஜமான தகராறு ஒன்றே ஒன்றுதான். நான் கழித்த படங்கள் தனி ஃபோல்டரில் கிடக்கும். மாதக் கடைசியில் அந்த ஃபோல்டரைக் காலி செய்வேன். செய்தால்தான் ஹார்ட் டிஸ்க்கில் அடுத்த மாதத்துக்கு இடம் இருக்கும். காலி செய்த பிறகும் இடம் வராமல் இருக்கிறதே என்று தேடியபோது, அவருடைய கம்ப்யூட்டரில் 'பொறவு' என்று ஆங்கில எழுத்தில் பெயரிட்ட ஒரு ஃபோல்டர் அகப்பட்டது. நான் கழித்ததையெல்லாம் அவர் அதற்குள் எடுத்துப் போட்டு வைத்திருந்தார். அப்புறம் பார்ப்போம் என்று அர்த்தமாம். எந்த மாதம், எந்த வீடு என்று ஒரு ஒழுங்கும் கிடையாது.

"இதுல என்னக்கா இருக்கு?"

"தெரியலயே. அதான வச்சிருக்கேன்."

இரண்டு நாள் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை எங்கிருந்தோ வாங்கி வந்து, 'பொறவு' முழுவதையும் அதற்கு மாற்றினார். மாற்றுகிறபோதும் பாதியில் நிறுத்தி நிறுத்தி எதையாவது திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரால் ஒரு வேலையை முடிந்தது என்று விட முடியாது. ஒருநாள் மாலை ஐந்தரை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனவர் ஆறேகாலுக்கு வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்தார். ஊர் எல்லை வரை போய், இறங்கி, நடந்தே வந்திருக்கிறார். பெண் அலங்காரம் செய்துகொள்கிற படம் ஒன்றை அன்று மதியம் வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தாராம். பஸ் ஓடும்போது, அந்தப் படத்தில் கண்ணாடிக்குள் யாரோ நின்றது போல் தோன்றியிருக்கிறது. திறந்து பார்த்தோம். நின்றது பெண்ணின் அப்பா. கதவோரம், வாயைக் கையால் பொத்திக்கொண்டு. அன்று எடுத்த வேறு எந்தப் படத்திலும் அவர் மகளைப் பார்த்தபடி இல்லை. அக்கா அதைத் தேர்ந்தவற்றோடு சேர்த்தார். "இப்பப் போறேன்" என்று எழுந்தார். வாசல்வரை போய்விட்டு, "வேற யாரும் கண்ணாடியில நிக்கிறாகளான்னு நாளைக்குப் பாக்கணும்" என்றார். பக்கத்தில் இருக்கிறவனுக்கு இது சுலபமில்லை. அவரோடு வேலை செய்த நாட்களில் நானும் இரண்டு முறை வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்த்திருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்குச் செல்வி வந்தாள். திருச்சுழிக்குப் பக்கத்துக் கிராமம். ஒரு மாதத்துக்கு முன் குலதெய்வக் கோயிலில் அவளுடைய பெண் குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்தினார்கள். முதலாளிதான் போய்ப் படம் எடுத்தார். தேர்ந்த படங்களை நான் வெள்ளிக்கிழமை அனுப்பியிருந்தேன்.

"படம் அனுப்புனது நீங்கதான?"

"ஆமாம்மா. முந்நூத்தி எண்பத்தாறு."

"அதுல எங்கண்ணன் மடியில பிள்ளைய வச்சுக் காது குத்துனது ஒண்ணுகூட இல்லையே. அத்தன சனத்துக்கு முன்னாடி அவுகதான மடி குடுத்தாக. அது எங்க?"

தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்துகிற படம் இல்லாமல் ஒரு காதணி ஆல்பமா? எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அவள் நின்றபடியே சொல்லிக்கொண்டு போனாள். அண்ணன் பந்தல்குடியில் லாரி வைத்து ஓட்டுகிறவர். கொழுந்தன் கல்யாணத்துக்கு அவருக்கு நேரில் போய்ப் பத்திரிகை வைக்காமல் போனில் அனுப்பிவிட்டார்கள். அதற்கு மூன்று வருடம் பேச்சில்லை.

"வாட்சப்புல பத்திரிகை வச்சவுக வீட்டுல வாட்சப்புலயே சாப்புட்டுக்கிறேன்னு சொல்லிட்டாக. நான் மூணு வாட்டி பூவும் பழமுமாப் போயி நின்ன பொறவுதான் காதுகுத்துக்கு வந்தாக. லாரி நெறயச் சீரு, மேளம், கெடா ரெண்டு. எல்லாம் சரியாப் போச்சுன்னு இருந்தேன்."

நான் அனுப்பிய படங்களைச் செல்வி அண்ணனுக்கும் அனுப்பியிருக்கிறாள். அவர் பந்தல்குடியில் டீக்கடையில் உட்கார்ந்து சக டிரைவர்களுக்கு ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார். முந்நூற்று எண்பத்தாறும் தீர்ந்துவிட்டது. "ஏலே, நீ மடி குடுத்தியா, இல்ல கனாக் கண்டியா?" என்று ஒருவர் கேட்டாராம். அங்கிருந்தே தங்கைக்குப் போன் போட்டிருக்கிறார்.

"கறிவேப்பிலை வாங்க வந்தவன் படம்கூட இருக்கு, ஒம் புருசன் சொந்தம் சேந்து நான் மடி குடுத்தத மட்டும் தூக்கிட்டாகன்றாக. அந்த ஆல்பம் இருக்குற வீட்டு வாசல மிதிக்க மாட்டேன்னுட்டாக." அவள் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு குடுங்க. நான் அதக் கொண்டுபோயி அவுக முன்னாடி வச்சுருவேன்."

எனக்கு நினைவு வந்துவிட்டது. மடியில் வைத்துக் குத்தியதற்குப் பதினான்கு படம் இருந்தது. குத்துவதற்கு முன் பெண்கள் தட்டுகளோடு மறைத்துவிட்டார்கள். குத்தி முடிந்ததும் குழந்தை அலற, செல்வி வாங்கிக்கொண்டாள். நடுவில் இருந்தது அந்தப் பதினான்குதான். பதினான்கிலும் அவர் கண் மூடியிருந்தது. நான் பதினான்கையும் கழித்துவிட்டேன். மாதக் கடைசியில் அழித்தும்விட்டேன். கேமராவில் இருந்த கார்டு அதற்குப் பிறகு மூன்று கல்யாணம் பார்த்துவிட்டது.

"இல்லம்மா. அழிஞ்சு போச்சு" என்றேன்.

செல்வி பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவில்லை. மடியில் இருந்த பையின் வாரைச் சுருட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

அக்கா எழுந்துவிட்டார். "பொறும்மா. வந்துட்டேன்" என்று பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்து மாட்டினார். நான் கழிப்பதை அவர் இன்னமும் அதில் எடுத்துப் போட்டு வைப்பது எனக்குத் தெரியாது. ஒழுங்கில்லாத ஃபோல்டர் ஆயிற்றே, நாற்பது நிமிடம் ஆனது. நான் பக்கத்தில் நின்றேன். யார் யாரோ ஓடினார்கள், மறைந்தார்கள். பிறகு சந்தனம் பூசிய மொட்டைத் தலை ஒன்று வந்தது.

அது தற்செயலாக இமைத்த கண் இல்லை. நெற்றி சுருங்கி, பல்லைக் கடித்து, முகம் முழுவதும் சேர்ந்து மூடியிருந்தது. ஆசாரியின் ஊசி குழந்தையின் வலது காதில் இருக்கிறது. சுற்றி நிற்கிற எல்லோரும் குழந்தையைப் பார்க்கிறார்கள். மடி கொடுத்தவர் மட்டும் பார்க்கவில்லை. பதினான்கிலும் இதேதான்.

செல்விக்கு முதலில் சந்தோஷம், பிறகு கலக்கம். "இதப் போய் எப்படிக் குடுக்குறது? மூணு வருசம் கழிச்சு வந்து கண்ண மூடிட்டு ஒக்காந்துருக்காகன்னு எங்க வீட்டுல சிரிப்பாக. அவுகளே கோவப்படுவாக."

"அதுக்கென்ன, கண்ணத் தொறந்து விட்டுருவோம்" என்றார் முதலாளி.

கடையில் அது வழக்கமான வேலைதான். மணப்பெண் இமைத்துவிட்டால், இன்னொரு படத்திலிருந்து அவளுடைய கண்ணையே எடுத்து வைப்பது. அதில் அக்காவை மிஞ்ச அருப்புக்கோட்டையில் ஆள் கிடையாது. ஆனால் அன்று அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது இமைச்சது. இது மூடுனதுல்ல."

"அக்கா. வந்தவுக கலங்கிப் போயி நிக்கிறாக. செய்ங்க."

அக்கா செல்வியைப் பார்த்தார். உட்கார்ந்து வேலையைத் தொடங்கினார்.

அதே ஆள், அதே நாள், அதே வெயில். அந்தக் கண்ணாக இருந்தால்தான் எடுப்பேன் என்பது அவருடைய சட்டம். இங்கே அதுவே சிக்கலாகிவிட்டது. சீர் கொண்டு வந்த ஊர்வலம் முழுவதும் அவர் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். சாமி கும்பிடுகிறபோதும் கழற்றவில்லை. கழற்றிய படங்களில் கேமராவை நேராக முறைத்தார். எங்களுக்கு வேண்டியது குனிந்து, மடியில் இருப்பதைப் பார்க்கிற கண். அக்கா இரண்டு நாள் தேடினார். நான் தேர்ந்ததில் இல்லை என்று ஆனதும் மறுபடி 'பொறவு'க்குள் போனார். புதன்கிழமை நாலு மணிக்கு, "தம்பி, இங்க வாங்க" என்றார்.

பந்திப் படம். யாரோ பரிமாறுகிறவரின் கை குறுக்கே வந்ததால் நான் கழித்தது. கைக்குப் பின்னால் லாரிக்கார அண்ணன் தலை குனிந்து, இமை பாதி தாழ்ந்து, அவ்வளவு கனிவோடு பார்த்துக்கொண்டிருந்தார். இலையில் கறி விழுந்துகொண்டிருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். முதலாளி வந்து பார்த்து அவரும் சிரித்தார். அக்கா அந்தக் கண்ணை எடுத்து ஒன்பதாவது படத்தில் வைத்தார். ஒரு நூல்கூட விலகாமல் உட்கார்ந்தது. தாய்மாமன் தன் மடியில் வலி தாங்காமல் நெளிகிற குழந்தையை உருகிப் போய்ப் பார்த்தார்.

வியாழக்கிழமை செல்வி வந்து அச்சிட்ட படத்தை வாங்கிக்கொண்டாள். "எங்கண்ணன் எப்படிப் பாக்குறாக பாருங்க" என்று எங்களுக்கே காட்டினாள். "இப்படியே பந்தல்குடி போறேன்." போய்விட்டாள்.

அன்று சாயங்காலத்துக்குள் அக்கா அந்தப் படத்தை ஏழு முறை திறந்தார். எண்ணினேன். "பார்வை சரியாத்தான் இருக்கு" என்றார் ஒருமுறை. இன்னொரு முறை, "எதப் பாக்குறார்னு நமக்கு மட்டுந்தான் தெரியும்" என்றார். கொண்டுவந்த டிபனைப் பாதியில் மூடினார். "அவருக்கும் தெரியுமோ" என்றார் கடைசியில். நான் ஒரு வளைகாப்பு அழைப்பிதழ் டைப் செய்துகொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கீழே ஒரு லாரி வந்து நின்றது. படி அதிர ஏறி வந்தவர் வாசலிலேயே நின்று கேட்டார்.

"யாரு இங்க போட்டோவுக்குக் கண்ணு வைக்கிறது?"

பின்னால் செல்வி. முந்தின நாள் படத்தைக் கொடுத்துவிட்டு வந்தவள், காலையில் அண்ணனைத் திரும்பவும் பார்க்கப் போயிருக்கிறாள். அவர் லாரியில் ஏற்றி நேராக இங்கே கொண்டுவந்திருக்கிறார்.

"நம்ம கடைப் படந்தான்ணே" என்று முதலாளி ஆரம்பித்தார்.

"படம் ஒங்க கடைதான். ஆளு நான் இல்ல." அச்சிட்ட படத்தை என் மேஜைமேல் வைத்தார். "ஊசிய எடுத்ததும் நான் கண்ண மூடுனேன். பிள்ளைய இவ வாங்குன பொறவுதான் தொறந்தேன். மூடுனவனுக்குத் தெரியாதா? அப்ப இது ஒட்டு வேலை. நெசமா எடுத்திருந்தா எதுக்கு ஒட்டணும்? என்னைய எடுக்கவே இல்ல, அதான."

"எடுத்தாகண்ணே. நான் பாத்தேன்."

"நீ சும்மா இரு. நீயும் சேந்துதான் என்னைய ஏமாத்துற. அன்னைக்காவது ஒம் புருசன் வீடு மட்டும்."

செல்வி சுவரோடு ஒட்டி நின்றாள். மூன்று வருடப் பிணக்கை முடித்துவைத்த ஒரு நாள் பாழாகி அந்த மேஜைமேல் கிடந்தது. அதை நான்தான் அங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தேன்.

அக்கா தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "உக்காருங்க அண்ணாச்சி. எல்லாத்தையும் காட்டுறேன்."

அவர் உட்காரவில்லை. குனிந்து நின்றார். அக்கா முதல் படத்தைத் திறந்தார். இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொன்றிலும் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். ஆறாவதில் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பதினான்கு முடிந்தது.

"இத ஏன் அனுப்பல?"

"கண்ணு மூடிருக்குன்னு கழிச்சாச்சு."

"யாரு கழிச்சது?"

என் நாக்கு அசைவதற்குள் அக்கா, "நாந்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை.

அவர் அச்சிட்ட படத்தைத் திரும்ப எடுத்தார். "கண்ணு என்னுதுதான். அது தெரியுது. எங்க இருந்து எடுத்தீக?"

முதலாளி அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அக்கா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"பந்தியில. ரெண்டாந் தடவ கறி வச்சாகல்ல, அப்ப."

முதலில் சிரித்தது செல்வி. வாயைப் பொத்திக்கொண்டாள், முடியவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள். "நானும் நெனச்சேன், எம் பிள்ளைய இம்புட்டு ஆசையாப் பாக்குறாகளேன்னு."

"நல்ல கறி" என்றார் அவர். சிரிக்கக்கூடாது என்று வைத்திருந்த முகம் ஓரத்தில் விட்டுப்போனது. பிறகு திரையைக் காட்டி, தாழ்ந்த குரலில் சொன்னார்: "பதினெட்டு வருசமா வண்டி ஓட்டுறேன். ரோட்டுல எத்தனையோ பாத்தாச்சு. அந்த ஊசியப் பாக்க முடியல. இத வெளிய சொல்லிறாதீக."

"ஆல்பத்துல எதண்ணே வைக்க?" என்றார் முதலாளி.

அவர் யோசித்தார். "தொறந்ததே இருக்கட்டும். ஊரு பாக்குறது. மூடுனத எனக்கு போன்ல அனுப்பிருங்க, ஒண்ணு போதும்." எழுந்துகொண்டார்.

"வீட்டுக்கு வாங்கண்ணே. பிள்ளைக்குத் தோடு போட்டாச்சு, வந்து பாருங்க" என்றாள் செல்வி.

"லோடு நிக்குது. பெறகு பாப்போம். நீ பஸ்ஸுல போயிரு."

அதில் கோபம் இல்லை. வருகிறேன் என்பதும் இல்லை. அவர் முன்னால் இறங்கினார், செல்வி பின்னால் இறங்கினாள்.

என் பழியை ஏற்றுக்கொண்டதற்கு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று நான் என் நாற்காலியைத் திருப்பினேன். அவர் திரையை விட்டு நகரவில்லை. பதினொன்றாவது படம் திறந்திருந்தது. எப்போதும்போல் மூலையிலிருந்து சுற்றி வந்துகொண்டிருந்தார். அந்தப் பதினான்கையும் இத்தனை நாளில் அவர் ஒருமுறைகூட அப்படிப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் கண்ணையே பார்த்திருந்தோம்.

"இங்க பாருங்க தம்பி."

கீழ் மூலையிலிருந்து ஏறி, மாமனின் முகத்துக்கு அடியில் வெயிலில் வெளுத்துப்போன இடத்தில் வந்து நின்றிருந்தார். அவர் வெளுப்பைக் குறைத்தார். குழந்தையின் கை மேலே தூக்கியிருந்தது. விரல் ஐந்தும் மாமனின் மீசையைக் கொத்தாகப் பிடித்திருந்தன. ஊசி குத்துகிற வலி முழுவதும் அந்தப் பிடியில் இருந்தது. மாமன் கண்ணைத் திறக்கவும் இல்லை, முகத்தை விலக்கவும் இல்லை.

கீழே லாரி உறுமியது. அக்கா தன் போனை எடுத்துத் திரையைப் படம் பிடிக்கப் போனார். போனில் இடமில்லை என்று வந்தது. கைக்கு வந்த நாலைந்து படங்களை என்னவென்று பார்க்காமலே அழித்தார். எடுத்தார். செருப்பு போடாமல் படியில் இறங்கி ஓடினார்.

நான் ஜன்னலுக்குப் போனேன். செல்வி எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். நகரத் தொடங்கிவிட்ட லாரிக்கு முன்னால் அக்கா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். லாரி நின்றது. செல்வியின் அண்ணன் கதவு வழியாகக் கையை நீட்டிப் போனை வாங்கினார். பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், திட்டினார், சுற்றிக்கொண்டு போனார். லாரிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கை தானாகப் போய் மீசையைத் தொட்டது.

போனைத் திருப்பிக் கொடுத்தார். குனிந்து மறுபக்கத்துக் கதவைத் தள்ளித் திறந்தார். "ஏ செல்வி" என்று கூப்பிட்டது மாடிவரை கேட்டது. "ஏறு. தோடு எந்தக் கடையில எடுத்தீக?"

செல்வி சேலையை ஒதுக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து ஏறினாள். தார்ப்பாய் கட்டிய லோடோடு லாரி மெதுவாக நகர்ந்தது. பந்தல்குடிப் பக்கம் போகவில்லை, திருச்சுழி ரோட்டில் திரும்பியது.